பாஸ்கரனுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

சாராள் அக்கா பேரைச் சொன்னால் தேனி பஜாரில் இன்றைக்கும் சிலபேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "டி.வி. பெட்டிக்குள்ள இருந்தவனுக்கு ஜெபம் பண்ணுன பொம்பளதான?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அவள்தான். அதற்கு என்ன இப்போது? சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கோயிலிலேயே இல்லை. இருந்தவர்கள் பாதிக் கதையை முழுங்கிவிட்டார்கள். முழுக் கதையும் எனக்குத் தெரியும். என் பெயர் அன்னத்தாய். அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. ஒரே சந்து, ஒரே சபை.

அக்கா பிறந்தது உத்தமபாளையம். பதினேழு வயதில் ஜேசுராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்தாள். அண்ணனுக்குப் பஜாரில் சைக்கிள் சாமான் கடை. குடி இல்லை, பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. பேச்சும் இல்லை. "காலையில தண்ணி கேப்பாக, ராத்திரி லைட்ட அணைக்கச் சொல்லுவாக. நடுவுல உள்ள பேச்சு பூராவும் நாந்தேன்" என்பாள் அக்கா. அவள் சொன்னது உண்மைதான், அந்த வீட்டில் கேட்கிற குரல் எப்போதும் அவளுடையதுதான்.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினாலு வருஷம் அவள்தான் தலைவி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்போம். மாசக் கடைசியில் அக்கா வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவாள். பானையை எட்டிப் பார்த்தே யார் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று சொல்லிவிடுவாள். அதை யாரிடமும் சொல்லமாட்டாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு மறுநாள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் குழம்புச் சட்டியோடு வந்து நிற்பாள். இதெல்லாம் சிரிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

கொடைக்கானல் மலையில் டவர் வந்த பிறகு, எண்பத்தெட்டில், எங்கள் சந்திலேயே முதல் டி.வி. அவள் வீட்டுக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி, இழுத்து மூடுகிற மரக்கதவு, அதன் மேல் அவளே பூப்போட்ட வெள்ளைத் துணி. அண்ணன் வாங்கியது செய்தி பார்க்க. அக்கா பார்த்தது பாஸ்கரனை.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு வாரம் ஒரு பாகமாகப் பதிமூன்று வாரம் ஓடிய நாடகம் அது. அதற்கு என்னமோ ஒரு நீளமான தலைப்பு இருந்தது. எங்கள் சந்தில் எல்லோருக்கும் அது "பாஸ்கரன் நாடகம்"தான். பாஸ்கரன் மெட்ராஸில் மருந்து கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் வியாபாரம் பிடிக்கிறவன். வாயைத் திறந்தால் பொய். வீட்டில் வசந்தா என்று தங்கமான பெண்டாட்டி, பெங்களூரில் இன்னொருத்தி. சாயங்காலம் ஆனால் பாட்டில். சீக்காளித் தாயின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவான், அன்றைக்கே அதை மீறுவான். ஆனால் சிரிப்பான் பாருங்கள், ஐயோ, அந்தச் சிரிப்பு! பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சாம்பல் கையோடு வந்து நிற்பாள்.

அவன் வருகிற நேரத்துக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு இருளம்மாள் இட்லிமாவுப் பானையோடு வந்துவிடுவாள். துணிக்கடை அம்சத் பீவி மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். அது ஆடி மாசம். கம்பம் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் ஆன்டெனா சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். பாஸ்கரன் மூன்று பாஸ்கரனாகிவிடுவான். அப்போது ஜேசுராஜ் அண்ணன் ஒன்றும் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய், குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாடகம் முடிகிறவரை நிற்பார். "தெரியுதா?" என்று ஒரு தரம் கேட்பார். "தெரியுது, அப்படியே நில்லுங்க!" என்று அக்கா கத்துவாள். அந்த மனுஷன் பாஸ்கரன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏக்கா, இம்புட்டு நல்ல மனுசனை வீட்டுல வச்சுக்கிட்டு அந்தக் களவாணிப் பயலுக்குப் போய் உருகுறியே?"

"வீட்டுல ஒருத்தர் நல்லவரா இருக்காகல்ல, போதும்டி" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் தப்புப் பண்ணிட்டு ஆத்தா காலடியில தனியா உக்காந்து அழுதான்ல, பாத்தியா? எந்த ஆம்பள அந்த மூஞ்சிய நமக்குக் காட்டியிருக்கான்? இவன் காட்டுறான். அதுக்குத்தேன் எனக்கு அவனைப் புடிச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்காரரும் அழகாகச் சிரிப்பவர். சபைக் கமிட்டிக்குச் செயலாளர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகத் தெரியும். ஒரு வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக நிற்பார். "குடுத்து வச்சவ அன்னம்" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? கதவைச் சாத்தின பிறகு அவர் குடிப்பதும், குடித்தால் கை நீட்டுவதும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். எதிர்வீட்டில் இருந்ததால் சாராள் அக்காவுக்கும் தெரியும். அவர் தப்புப் பண்ணிவிட்டு அழுது நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்து முகம் கழுவி, தலை சீவி, என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

இனிமேல்தான் விஷயம். செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு எங்களுக்கு வீட்டு ஜெபக்கூட்டம். வாரத்துக்கு ஒரு வீடு. போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வந்து வேதம் வாசிப்பார். பிறகு ஜெபக்குறிப்புக் கேட்பார். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், வாயாலும் சொல்லலாம். மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, மாட்டுக்குக் கோமாரி, எல்லாம் பேரோடு வரும். குடிகாரப் புருஷன் மட்டும் பேரோடு வரமாட்டான். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அதிலும் குடிகாரன் என்று சொல்லி மானத்தையும் வாங்க முடியுமா? அதனால் "ஒரு சகோதரன் குடியை விட்டு மனந்திரும்ப" என்று எழுதிப் போடுவோம். சில வாரம் ஐந்தாறு "ஒரு சகோதரன்" வந்துவிடும். அதில் ஒன்று என் கையெழுத்து.

பத்தாவது பாகம் முடிந்தபோது பாஸ்கரன் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் போய் லாரியில் அடிபட்டுக் கிடந்தான். வசந்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த செவ்வாய் ஜெபக்கூட்டம் அவள் வீட்டில்தான். டி.வி. கதவு மூடியிருந்தது, பூப்போட்ட துணி விரித்திருந்தது. மழை வருகிற மாதிரி இருந்ததால் உபதேசியார் தாமதமாகத்தான் வந்தார். வயசானவர், நல்லவர், வீட்டில் ரேடியோகூட இல்லாதவர். சீட்டுகளை வாசித்து முடித்துவிட்டு, "வேற யாருக்கும் ஜெபக்குறிப்பு உண்டா?" என்று கேட்டார்.

அக்கா வாயிலிருந்து வந்தது. "பாஸ்கரன்னு ஒரு புள்ள ஐயா. குடிச்சிட்டு அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான். பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா. பொழைக்கணும் ஐயா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. நாங்கள் பதினாலு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாராவது ஒருத்தி களுக்கென்று சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். ஒருத்தியும் சிரிக்கவில்லை. உபதேசியார் முழங்கால் போட்டுவிட்டார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளை பாஸ்கரனைப் பாரும்" என்று தொடங்கினார். அவன் குடியை, அவன் பொய்யை, அவனை நம்பி ஏமாந்த பெண்ணை, அவனுக்காக விழித்திருக்கிற தாயை எல்லாம் அவராகவே ஊகித்து ஊகித்து ஜெபித்தார். கூடம் முழுக்க விசும்பல். நான் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஜெபம் நான் ஜெபித்ததில்லை.

அவர் ஜெபித்து முடிக்க ஏழே முக்கால் ஆகிவிட்டது. பாஸ்கரனுக்காக ஜெபித்ததில் பாஸ்கரன் நாடகத்தில் கால்மணி நேரம் போயிற்று! உபதேசியார் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனை திரும்பியதுதான் தாமதம், அக்கா டி.வி. கதவை இழுத்தாள். பாஸ்கரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தலையில் கட்டோடு, நர்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் உள்ளே நுழைந்த இருளம்மாளிடம் யாரோ நடந்ததைச் சொல்ல, "ஆத்தாடி! ஒங்க சாமி ஒடனே கேட்ருதே!" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அண்ணன், "தெரியலையா?" என்று கேட்டார்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. உபதேசியார் நல்லவர் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் வினை. ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் வாசிக்கச் சொல்லி அந்தப் பேரை ஐயரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் பீடத்திலிருந்து, "ஆஸ்பத்திரியில் இருக்கும் சகோதரன் பாஸ்கரனுக்காக" என்று வாசித்தார். பின்பெஞ்சில் வாலிபர்கள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் அக்கா உபதேசியாரைத் தேடிப் போனாள், சொல்லிவிட வேண்டும் என்று. அவர் அதற்குள் ஒரு ரொட்டிப் பொட்டலத்தையும் வேதப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார். மோசமாக அடிபட்டவர்களை எங்கள் ஊரிலிருந்து அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே வார்டு வார்டாகப் போய்ப் பாஸ்கரனைத் தேடியிருக்கிறார்.

அவர் திரும்பி வருவதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வியாழக்கிழமை கமிட்டி கூடியது. சபையின் ஜெபத்தையே கேலிக்கூத்தாக்கிவிட்டாள், சும்மா விடக்கூடாது என்று முடிவு பண்ணினார்கள். வருகிற ஞாயிறு மாசத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அதற்கு முன்னால் அக்கா சபை நடுவே எழுந்து மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் அப்பமும் திராட்சரசமும் அவளுக்குக் கிடையாது. பதினாறு வயதிலிருந்து ஒரு திருவிருந்தும் தவறவிடாத பொம்பளை அவள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பச்சை உடம்போடு நடந்து போனவள். அவளை எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தார்கள்.

கடிதத்தை எழுதியது எங்கள் வீட்டுக்காரர். என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் வைத்த காபியைக் குடித்துக்கொண்டு எழுதினார். "டெலிவிஷன் மோகத்தால் மதிமயங்கி, கற்பனையான ஒரு துன்மார்க்கனுக்காகச் சபையாரை ஜெபிக்கச் செய்த என் பாவத்தை உணர்ந்து" என்று போயிற்று அது. நான் துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். துன்மார்க்கனாம்!

சனிக்கிழமை காலை ஐயரும் அவரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். அவர் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "அக்கா, ரெண்டே ரெண்டு வரி. வாசிச்சிட்டு உக்காந்துருங்க. நாளைக்கே எல்லாரும் மறந்துருவாக."

அக்கா காகிதத்தை வாங்கி நிதானமாக வாசித்தாள். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி" என்றாள். "அந்தக் கையால இன்னும் என்னென்ன செய்யுறீகன்னும் எனக்குத் தெரியும்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஐயர் கவனித்தாரா, தெரியாது. அதுவரை கதவோரம் நின்ற ஜேசுராஜ் அண்ணன் வாயைத் திறந்தார். "அவ எழுதாத கடுதாசியை அவ எதுக்கு வாசிக்கணும்?" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அக்கா அவர் போன திசையையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "அவகிட்ட என்னடி சொல்லி வச்சிருக்க?" என்று கேட்டார். அதற்குமேல் நடந்ததை நான் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கிறிஸ்துமஸ் மாதிரி நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் ஆண்கள். ஐயர் கூப்பிட்டதும் அக்கா எழுந்தாள். மடித்த காகிதம் கையில் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை.

"இதை நான் வாசிக்கப் போறதில்லை ஐயா" என்றாள். "உபதேசியார் ஐயாகிட்ட மட்டும் மன்னிப்புக் கேக்குறேன். நெசம்னு நம்பி மதுரை வரைக்கும் போய்த் தேடியிருக்காக. அது என் தப்பு. அவுக கால்ல விழச் சொன்னாலும் விழுகுறேன். மத்ததுக்கு எதுக்குக் கேக்கணும்? பாஸ்கரன் நடிப்புன்னு எனக்குத் தெரியாதா, நான் என்ன பச்சப்புள்ளையா? அன்னைக்கு எங்க வீட்டுல பதினாலு பொம்பளைக முழங்கால்ல நின்னு அழுதாக. பெட்டிக்குள்ள இருக்குறவனுக்கா அழுதாக? எத்தனை வருசமா 'ஒரு சகோதரன்', 'ஒரு சகோதரன்'னு எழுதிக் குடுக்குறோம். எந்தச் சகோதரன்னு நீங்க கேட்டதும் இல்ல, நாங்க சொன்னதும் இல்ல. மொதமொதல்ல எங்களுக்குச் சொல்லி அழ ஒரு பேரு கெடைச்சுச்சு. அதுக்கு என்னைய மன்னிப்புக் கேக்கச் சொல்றீக. மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

முந்திச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அக்காவுக்குத் திருவிருந்து கொடுக்கவில்லை. அடுத்த நாலு மாசமும் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறுகூட அவள் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. எல்லோரும் பந்திக்கு எழுந்து போகும்போது முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், போய்விட்டு வருகிறவர்கள்தான் அவள் கண்ணைப் பார்க்காமல் வருவார்கள். பாஸ்கரன் நாடகத்தையும் கடைசிவரை பார்த்தாள். கடைசி ஐந்து நிமிஷத்தில் அவன் திடீரென்று திருந்தி வசந்தா காலில் விழுந்ததும், "போடா போக்கத்தவனே, இம்புட்டு லேசா?" என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டினாள். ஐந்தாம் மாசம் ஐயரே அப்பத் தட்டோடு அவள் பெஞ்சுக்கு வந்தார். அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இன்னொன்றைத்தான் யாரும் சொல்வதில்லை.

அக்கா உட்கார்ந்ததும் ஐயருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டினார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவைத்தார். "சபையார் ஜெபிக்க வேண்டிய விசேஷக் காரியம் எதுவும் உண்டா?" ஒரு நாளும் யாரும் வாய் திறந்து பதில் சொல்லாத கேள்வி அது.

நான் முன்கூட்டி ஒன்றும் நினைத்திருக்கவில்லை. கால் தானாக எழுந்துகொண்டது. "உண்டு ஐயா" என்றேன்.

"சொல்லுங்கம்மா."

"ஒருத்தருக்காக ஜெபிக்கணும். குடி. குடிச்சா வீட்டுல கை நீட்டுறாக."

ஐயர் பேனாவை எடுத்தார். பழக்கதோஷத்தில் கேட்டார். "பேரு?"

பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பேரை நான் உச்சரித்ததே இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட மகனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தவள் நான். பக்கத்தில் சாராள் அக்கா என் பக்கம் திரும்பவில்லை, தன் மடியில் இருந்த காகிதத்தை மட்டும் நாலாக எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜமணி" என்றேன்.

எங்கள் சபையில் நாலு ராஜமணி உண்டு. ஐயர் எழுதிக்கொண்டே, "எந்த ராஜமணிம்மா?" என்றார்.

"என் புருசன் ஐயா. அந்தா, ரெண்டாவது பெஞ்சுல உக்காந்திருக்காக. ஜெபிங்க."